வளைந்து கொடுக்காத பிள்ளை

ஞானியும்கூடத் தன் சுபாவப்படியேதான் நடக்கிறான், அடக்கி வைத்து என்ன ஆகப் போகிறது என்று கீதையின் மூன்றாவது அத்தியாயத்தில் பகவான் கேட்கிறார். கேட்டதும் நமக்குத் திக்கென்கிறது. பிறவியோடு வந்த குணம் கடைசிவரை போகாது என்றால் ஜபம் எதற்கு, சத்சங்கம் எதற்கு?

காமார்புகூர் கிராமத்தில் 1836-இல் பிறந்த கதாதரனைப் பார்ப்போம். ஒன்பது வயதில் அவனுக்குப் பூணூல் போட ஏற்பாடாகிறது. முதல் பிட்சையைப் பிராமணப் பெண்மணியிடம் வாங்க வேண்டும் என்பது குல வழக்கம். இவனோ கொல்லர் குலத்தைச் சேர்ந்த தனி என்னும் அம்மாளிடம் வாங்குவதாக முன்பே வாக்குக் கொடுத்திருக்கிறான். அவன் பிறந்தபோது பிரசவம் பார்த்தவள் அவள். தகப்பனார் அப்போது இல்லை. அண்ணன் ராம்குமார் கூடவே கூடாது என்கிறார். பிள்ளை அசையவில்லை. சொன்ன சொல் தவறியவனுக்குப் பூணூல் எதற்கு என்று கேட்கிறான்! கடைசியில் பெரியவர்கள்தான் இறங்கி வந்தார்கள்.

அந்தக் கதாதரன்தான் தட்சிணேசுவரத்தில் ராமகிருஷ்ண பரமஹம்சர். ஒருமுறை யது மல்லிக் என்பவரின் தோட்ட வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர், மறந்துவிட்டார். இரவில் நினைவு வந்தது. லாந்தரோடு கிளம்பிப் போனார். வீடு அடைத்துக் கிடந்தது. கதவைத் தள்ளி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத்தான் திரும்பினார். வந்தாயா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. புண்ணியம், பாவம், ஞானம், அஞ்ஞானம் எல்லாவற்றையும் காளியின் பாதத்தில் வைத்தவர், சத்தியத்தை மட்டும் கொடுக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஒன்பது வயதுக் குணம் அப்படியே இருக்கிறது, பாருங்கள்!

ஆனால் தோதாபுரி என்னும் துறவி வந்து வேதாந்தம் கற்கிறாயா என்றபோது, அம்மாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று காளியின் சன்னதிக்குள் போனவரும் இவர்தான். தன் விருப்பம் என்று வரும்போது அத்தனை இளக்கம்!

கீதையில் பகவான் அந்தக் கேள்விக்கு அடுத்த சுலோகத்திலேயே விஷயத்தைப் பிரித்துக் காட்டிவிடுகிறார். விருப்பு, வெறுப்பு இவற்றின் கையில் சிக்காதே என்கிறார். சுபாவம் இருக்கட்டும், அதை ஏவுவது யார் என்று பார்க்கச் சொல்கிறார். கதாதரனுக்கு அந்தப் பிட்சையால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஒரு ஏழைத் தாயின் ஆசை, அதற்குத் தான் கொடுத்த வாக்கு, அவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பிள்ளை நாளைக்குக் கால்களை உதைத்துக்கொண்டு அழுதால், அடிக்கக் கை ஓங்குமுன், எதற்காக அழுகிறான் என்று கேளுங்கள். பொம்மைக்காகவா? இல்லை, பக்கத்து வீட்டுப் பையனிடம் ஏதாவது சொல்லிவிட்டு வந்திருக்கிறானா?