இளம்பூதி கேளாத வினா

தத்தெடுத்த குழந்தையை ஈன்றவள் யார் என்று அறிய விழையும் உரிமை வளர்ப்புத் தந்தைக்கு உண்டா என்னும் வினாவை, மணிமேகலையின் ஆபுத்திரன் வரலாற்றை முன்வைத்து எண்ணிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். வினா என்னுடையதன்று. புனேயை அடுத்த கசார்வாடியில் வாழும் உறவினர் ஒருவர் எழுப்பியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் பெண்குழந்தை ஒன்றைத் தத்தெடுத்தவர் அவர். மகள் சிரிக்குந்தோறும் இது யாருடைய சிரிப்பு என்று உள்ளம் கேட்கிறது. அவ்வாறு கேட்பதே மகளுக்கும் மனைவிக்கும் இழைக்கும் இரண்டகமோ என்று வருந்தினார்.

வாரணாசியில் வேதம் ஓதுவிக்கும் அபஞ்சிகனின் மனைவி சாலி, ஒழுக்கம் பிறழ்ந்து, தண்டத்திற்கு அஞ்சிக் குமரியாட வரும் வழியில் மகவை ஈன்று, தோட்டமொன்றில் விட்டுச் செல்கிறாள். ஏழு நாள் பசுவொன்று பாலூட்டுகிறது. வயனங்கோட்டு இளம்பூதி அழுகுரல் கேட்டு, அம்மகவைத் தன் மகனென்றே கொண்டு மனைவியுடன் ஊருக்குத் திரும்புகிறான். தாய் யாரென்று அவன் வினவியதாகக் காப்பியத்தில் குறிப்பில்லை. இதனை அன்பின் நிறைவு என்றே யானும் வகுப்பறையில் பல்லாண்டுகள் விளக்கிவந்தேன்.

பின்னர் நிகழ்வதை நோக்கின் அவ்விளக்கம் நிலைபெறாது. வேள்விப் பசுவை ஆபுத்திரன் விடுவித்தபோது, சாலியை முன்னர்க் கண்டிருந்த அந்தணன் ஒருவன் அவள் வரலாற்றைப் பலரறியக் கூறுகிறான். வசிட்டனும் அகத்தியனும் தேவகணிகையின் மைந்தர் எனின் சாலியிடத்துக் குற்றம் யாது என்று மகன் நகைக்கிறான். தந்தையோ அவனை இல்லத்தினின்றும் நீக்கிவிடுகிறான். கேளாதிருந்தவரை நிலைத்த அன்பு, விடை தானே வந்தபோது நிலைக்கவில்லை. கேளாமை ஈண்டுப் பெருந்தன்மையா, அச்சமா?

அவ்வந்தணன் மொழியில் பிறிதொரு செய்தியும் உண்டு. குழந்தைக்கு இரங்காது விட்டுவந்த தனக்கு நற்கதி உளதோ என்று சாலி அழுதாள் என்பதே அது. உரையாசிரியர் பலரும் விரைந்து கடக்கும் இடம் இது. அங்குக் கூடியிருந்தோர் செவியில் பிறப்பின் இழுக்கு மட்டுமே விழுந்தது; அவ்வழுகை விழவில்லை. ஆகவே அறியும் விழைவு குற்றமன்று; எதனை அறிய விழைகிறோம் என்பதே ஆராயத்தக்கது. குலமும் ஒழுக்கமும் துருவும் தந்தை ஒருவன். அவள் அழுதாளா என்று கேட்கும் தந்தை வேறொருவன்.

இன்றைய சட்டம் இவ்விருவரையும் வேறுபடுத்துவதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மீளச் சிந்திக்க இரண்டு மாதம் தருகிறது. 2022இன் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் வேர்தேடும் உரிமையைத் தத்துப்பிள்ளைக்கே வழங்குகின்றன. பதினெட்டு வயது நிரம்பாதாயின் வளர்ப்புப் பெற்றோருடன் இணைந்து விண்ணப்பிக்கலாம். ஈன்றவரின் மறைவுரிமையும் காக்கப்படுகிறது. 1973இல் புனேயில் பிறந்து செருமனியில் வளர்ந்த அருண் டோலே, பல்லாண்டுகள் இந்திய நீதிமன்றங்களில் வழக்காடித் தம் தாயைக் கண்டடைந்தார். தேடியவர் மகன் என்பது நோக்கத்தக்கது.

ஆபுத்திரன் மறுபிறவியில் சாவகத்துப் புண்ணியராசனாகப் பிறந்து, அங்கும் வளர்ப்புப் பிள்ளையாகிறான். தன் பிறப்பை அவன் அறிவது வளர்த்த தாய் அமரசுந்தரியின் வாய்மொழியால். பகைவர் வாயிலாக அன்று. அவ்வேளையில் முற்பிறவித் தாய் செய்ததையும் அவன் நினைந்து வருந்துகிறான்.

இவற்றையெல்லாம் உறவினரிடம் கூறினேன். அவள் பெயரும் ஊரும் தமக்கு வேண்டா என்றார். மகள் நலமாயிருக்கிறாள், படிக்கத் தொடங்கிவிட்டாள் என்று அவளுக்குச் சொல்ல ஒரு வழி உண்டா என்று மட்டும் கேட்டார். தந்தை தாமாகச் செல்லும் வழி எதுவும் இல்லை. கசார்வாடியிலிருந்து புனே செல்லும் புறநகர் வண்டியில், எதிரே அமரும் பெண்களின் முகத்தில் மகளின் சாயலைத் தேடுவதை அவர் இன்னும் விட்டபாடில்லை.