பாண்டியனின் பணிவும் சொல்லணியின் அறமும்

கேட்பவரின் மனத்தைத் தன் வழிக்குத் திருப்பும் நாவன்மை வாய்மைக்குத் துணையா, பகையா என்ற கேள்வி மெய்யியலுக்குப் பழையது. பிளேட்டோ தம் 'கோர்கியாஸ்' உரையாடலில் நாவன்மையை முகத்துதியின் ஒரு வகை என்று சாக்ரடீசின் வாயிலாகக் கடிந்தார். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டிலோ, பேசுபவரின் நன்மதிப்பு, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் அமைப்பு என்னும் மூன்றையும் இசைவிக்கும் வழிகளாக வகுத்து, அக்கலையின் நன்மை தீமை அதைக் கையாள்வோரின் நோக்கைப் பொறுத்தது என்றார். வள்ளுவர் வாய்மையை அறத்துப்பாலில் துறவறத்தின் பகுதியாகவும், சொல்வன்மையைப் பொருட்பாலில் அமைச்சரின் தகுதியாகவும் வைத்தார். துறவிக்குரிய வாய்மையும் ஆட்சிக்குரிய சொல்வன்மையும் ஒரே வாக்கியத்தில் கூடி நிற்கக் கூடுமா என்பதற்குத் தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் கல்வெட்டுப் பாடல்கள் நல்லதொரு சான்று.

அக்கோயிலை 1446ஆம் ஆண்டில் எழுப்பத் தொடங்கியவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர், தென்காசியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த காலம் அது. பெருநகரம் கைவிட்டுப் போனதைத் தன் குலத்தின் நினைவாகச் சுமந்த அரசனுக்கு, அரசுகள் மாறும் என்பதும், தான் கட்டும் கோயிலைக் காக்கப்போகிறவர் தன் வழியினராக இல்லாமலும் போகலாம் என்பதும் விளங்காமல் இருந்திருக்க முடியாது. ஆகவே, தன் ஆணை செல்லாத ஒரு காலத்தில், தனக்கு எவ்வகையிலும் கடன்படாத ஒருவரை எவ்வாறு இசைவிப்பது என்ற சிக்கல் அவன் முன் இருந்தது. கல்வெட்டில் அவன் பெயரால் அமைந்த பாடல்கள் அதற்கான விடையாகவே அமைந்துள்ளன.

தமிழகக் கல்வெட்டுகள் பொதுவாக 'ஓம்படைக்கிளவி' என்னும் முடிப்புரை கொண்டவை. அறக்கொடையைக் காக்குமாறு பின்வருவோரிடம் ஒப்படைக்கும் சொற்கள் இப்பெயர் பெறும். அவற்றுள் ஒரு வகை அச்சுறுத்துவது: இத்தருமத்துக்குக் கேடு செய்பவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் என்று சாபமிடும். மற்றொரு வகை பணிவது: இதைக் காப்பவரின் பாதம் தன் தலைமேல் என்று கொடையாளி கூறுவான். பராக்கிரம பாண்டியன் பாடல்கள் இரண்டாம் வகையை எடுத்து விரிக்கின்றன. கோயிலுக்குக் குறை நேரும்போது வந்து அதைக் களைபவர் யாராயினும், உலகம் அறிய அவரைத் தான் பணிந்துவிட்டதாக ஒரு பாடல் கூறுகிறது. காவல் பூண்ட மன்னரின் பாதங்களைத் தலைமேல் தரித்ததாக மற்றொன்று கூறுகிறது.

இங்கே சொல்லணி செயல்படும் விதம் நுட்பமானது. அரசன் பணிவதும், இனி வரப்போகும் முகமறியாத ஒருவர் பணியப்படுவதும் வழக்கத்தைத் தலைகீழாக்கும் முரண். பணிவு இறந்தகாலத்தில் சொல்லப்படுவதால், உதவி கிடைப்பதற்கு முன்பே நன்றி செலுத்தப்பட்டுவிடுகிறது. குலமோ நாடோ குறிக்கப்படாததால், பாண்டியரின் பகைவருக்கும் அந்த வணக்கம் உரியதாகிறது. பாடல்கள் கட்டளைக் கலித்துறையில், அதாவது அடிதோறும் எழுத்தெண்ணிக்கை வரையறுக்கப்பட்டு ஏகாரத்தில் முடியவேண்டிய யாப்பில், அமைந்துள்ளன. அவற்றுள் சிலவற்றில் அந்த இறுதி ஏகாரத்தில் வந்து நிற்பது அரசனின் பெயர்.

இப்பெயரே ஓர் ஐயத்தை எழுப்புகிறது. இக்கோயில் தெய்வச் செயலால் அமைந்தது, தன் செயலன்று என்று கூறும் பாடலும் பராக்கிரம பாண்டியன் என்றே முடிகிறது. செயலை மறுத்துப் பெயரைப் பொறிப்பது புகழாசையின் மறைமுக வடிவம் என்று ஒருவர் வாதிடலாம். சைவ சித்தாந்தம் இதற்கு விடை தேட உதவுகிறது. 'நான் செய்தேன்' என்னும் முனைப்பு ஆணவ மலத்தின் வெளிப்பாடு என்றும், உயிர் இறைவனோடு ஒன்றி இறைபணியில் நிற்கும்போது அம்மலம் வலிகெடும் என்றும் சிவஞானபோதத்தின் பத்தாம் நூற்பா உணர்த்தும். அவ்வாறு நிற்பவர் செய்பவன் என்ற உரிமையைத்தான் விடுகிறார், பொறுப்பை விடுவதில்லை. பெயரில்லாத வணக்கம் எவரையும் கட்டாது. இன்னான் பணிந்தான் என்று சொல்லும்போதே அது உறுதிமொழி ஆகிறது. பெருமைக்காகப் பொறிக்கப்பட்ட பெயர் செயலோடு சேரும். இங்கோ அது பணிவோடு சேர்ந்திருக்கிறது.

தென்காசியை அடுத்த குற்றாலம் இதற்கு மாறான ஒரு நாவன்மையைக் காட்டுகிறது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், குற்றாலநாதர்மீது காதல்கொண்ட வசந்தவல்லிக்குக் குறிசொல்ல வரும் குறத்தி, அருவித் திரையில் கதிரவனின் குதிரைக் கால்களும் தேர்ச்சக்கரங்களும் வழுக்கும் என்று தன் மலையைப் புகழ்கிறாள். ஒன்றை உலகியல் எல்லையைக் கடந்து உயர்த்திச் சொல்லும் இதைத் தண்டியலங்காரம் அதிசய அணி என்னும். இது பொய்யன்று, ஏனெனில் மிகை என்பது கேட்பவருக்கும் தெரியும். ஆயினும் குறி வேறு: கேட்பவள் விரும்புவதையே அது சொல்கிறது, சொல்பவளுக்குப் பரிசும் கிடைக்கிறது. நூலின் பிற்பகுதியில் அக்குறத்தியாகிய சிங்கியின் கணவன் சிங்கன், அவள் அணிந்திருக்கும் நகைகளை அறியாதவன்போல் ஒவ்வொன்றாகச் சுட்டி வினவ, குறிசொல்லிப் பெற்றவை என்று சிங்கி விடையளிக்கிறாள். நாவன்மையால் ஈட்டிய பொருள் அந்நூலுக்குள்ளேயே விசாரணைக்கு உள்ளாகிறது.

ஆகவே, உணர்ச்சியைத் தூண்டுகிறது என்பதாலேயே ஒரு சொல்லணி வாய்மைக்குப் பகையாகிவிடாது. அதன் விலையை யார் கொடுக்கிறார் என்பதே கேட்கத்தக்க கேள்வி. சாபம் அவ்விலையைக் கேட்பவரின் அச்சத்திலிருந்தும், முகத்துதி அவருடைய ஆசையிலிருந்தும் பெற்றுக்கொள்கின்றன. பாண்டியன் பாடலிலோ விலை சொல்பவனின் தலைமேல் விழுகிறது. மறுப்பவருக்குத் தண்டனை இல்லை, இசைபவரின் விருப்பத்தில் குறுக்கீடும் இல்லை. நெடுங்காலம் சிதைந்து நின்ற தென்காசிக் கோபுரம் 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுப்பப்பட்டபோது, அரசன் அறிந்திராத ஒரு மக்களாட்சிக் காலத்தவர் அப்பணியைச் செய்தனர். அவர்கள் அப்பாடல்களால்தான் இசைந்தனர் என்று கூறுவது மிகையாகும். ஆனால் அவர்களுக்கும் உரிய வணக்கம் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே செலுத்தப்பட்டிருந்தது. எதையும் வற்புறுத்தாமல், ஏற்பவருக்காக முன்கூட்டியே தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் சொல்லில் அணியும் வாய்மையும் பகையின்றிக் கூடுகின்றன.