வருமானமில்லாத வீட்டின் குழந்தை

அமெரிக்காவில் குழந்தையுள்ள ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவியில் கணிசமான பங்கு வருமான வரிக் கணக்கின் வழியாகப் போகிறது. கட்ட வேண்டிய வரியில் ஒரு தொகையைக் கழிக்கிறார்கள். வரியைவிடக் கழிவு பெரிதாக இருந்தால் மிச்சத்தைக் கையில் கொடுக்கிறார்கள். குறைந்த கூலிக்கு உழைப்பவர்களுக்காக 1975இல் வந்த சலுகை ஒன்று. 1997இல் சட்டமான குழந்தை வரிச்சலுகை மற்றொன்று. வருமான வரியே கட்டாதவருக்கு வரிப்பணத்தை எடுத்துக் கொடுப்பது என்ன நியாயம் என்று அங்கே ஓயாமல் கேட்கிறார்கள்.

வருமான வரி கட்டாதவர் எந்த வரியும் கட்டாதவர் அல்லர். சம்பளத்தின் முதல் டாலரிலிருந்தே சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் 7.65 சதவீதம் பிடிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 10,000 டாலர் ஈட்டும் தாயின் கைக்கு வராமலே 765 டாலர் போய்விடுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் விற்பனை வரி வேறு.

அநீதி இருக்கும் இடம் வேறு. 2025ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தை வரிச்சலுகை ஒரு குழந்தைக்கு 2,200 டாலர். நான்கு லட்சம் டாலர் ஈட்டும் தம்பதிக்கும் இது முழுதாகக் கிடைக்கிறது. இரண்டு குழந்தைகள் என்றால் 4,400. அந்த 10,000 டாலர் தாய்க்கோ, முதல் 2,500 டாலர் கணக்கில் சேராது. மீதியில் 15 சதவீதம்தான். இரு குழந்தைகளுக்கும் சேர்த்தே 1,125 டாலர். அவருக்கு உழைப்பவர் சலுகையாவது உண்டு. வருமான வரிக்கு எட்டாத சிறு ஓய்வூதியத்தை மட்டும் நம்பிப் பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கு இரண்டுமே இல்லை. அந்தப் பிள்ளைக்கும் பசிக்கும், காலணி சிறுத்துப்போகும்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானம் இலேசானதல்ல. உழைப்பவருக்கே உதவி என்றார் மேற்கு வர்ஜீனியாவின் முன்னாள் செனட்டர் ஜோ மான்சின். இரவுப்பணி முடித்து வருபவருக்கும் வேலைக்கே போகாதவருக்கும் ஒரே தொகை என்றால், முன்னவர் மனம் புண்படத்தான் செய்யும். குறைந்த கூலிக்கு உழைப்பவர்களுக்காகவே பிறந்த 1975ஆம் ஆண்டுச் சலுகைக்கு அந்த நிபந்தனை பொருந்தும். குழந்தையின் பெயரில் தரப்படும் பணத்துக்கு எப்படிப் பொருந்தும்? பெற்றவருக்கு வேலை கிடைத்ததா, உடம்பு இடம் கொடுத்ததா என்பதில் குழந்தைக்குப் பங்கே இல்லை. பெரியவரைத் திருத்த நினைத்துச் சிறுவரின் தட்டில் கைவைப்பதை எந்த அறமும் ஒப்பாது.

2021இல் ஒரே ஓராண்டு இந்த நிபந்தனையை நீக்கினார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 3,600 டாலர், மூத்தவர்களுக்கு 3,000. அதில் பாதி ஜூலை முதல் மாதாமாதம் வந்தது. வரியையும் உதவிகளையும் சேர்த்துப் பார்க்கும் அளவுகோலில் குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. அவ்வாண்டின் பிற உதவிகளுக்கும் அதில் பங்குண்டு. அந்தக் கூடுதல் சலுகைகள் முடிந்த 2022இல் 12.4 சதவீதம். எதிர்த்தவர்கள் அஞ்சியதுபோலப் பெற்றோர் கூட்டங்கூட்டமாக வேலையை விட்டுவிடவில்லை. ஆறு மாதத்தை வைத்து நெடுங்காலத்தைக் கணிக்க முடியாது என்பது உண்மைதான். அந்தச் சந்தேகத்தின் சுமையைக் குழந்தைகள் தலையில் ஏற்றியதுதான் கொடுமை.

குழந்தையில்லாத ஏழைத் தொழிலாளியின் குறைதான் பதில் இல்லாமல் நிற்கிறது. 2024இல் மூன்று குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு உழைப்பவர் சலுகை 7,830 டாலர் வரை போனது; குழந்தையில்லாதவருக்கு உச்சவரம்பே 632. 25 வயது நிறையவில்லை என்றால் அதுவும் கிடையாது. குழந்தைகளின் பங்கைக் குறைப்பதால் இவர் குறை தீராது. இவருடையதை உயர்த்த வேண்டும். அதையும் 2021இல் செய்து பார்த்தார்கள்: தொகையை 1,502 ஆக்கி, 19 வயதினருக்கும் பொதுவாகத் திறந்தார்கள். அந்த ஏற்பாடும் ஆண்டு முடிவோடு காலாவதியானது.