மூத்தவர் யார்?

மேதை ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1913-இல், இன்றைய காபோன் நாட்டின் லாம்பரேனேவுக்கு மருத்துவத் தொண்டாற்றச் சென்றார். 1965-இல் அங்கேயே மறைந்தார். அப்பெருந்தகையும் ஆப்பிரிக்கரைச் சகோதரர் என்று ஏற்றபோது, தம்மை மூத்த சகோதரராகவே வைத்து எழுதினார். தொண்டில் ஒளிந்திருக்கும் அகந்தை எத்தனை நுண்ணியது!

துறவு ஏற்குமுன், மாலை வகுப்பு நடத்தத் தாராவியில் தங்கியிருந்த அடியேனிடமும் அது இருந்தது. விடியுமுன் சிறிது நேரமே தண்ணீர் வரும் சந்துக்குழாயில், வரிசை முறை தெரியாமல் திகைத்தேன். திருநெல்வேலிப் பக்கத்து மூதாட்டி ஒருவர் என் குடத்தை வாங்கி நிரப்பித் தந்து, "தம்பி, நாளைக்கு நாலு மணிக்கே வந்துரு" என்றார். 'தம்பி' சற்றே உறுத்தியது. தத்துவத்தில் முதுகலை பயின்றவனல்லவா! ஆயினும் அச்சந்தின் வாழ்வை அறிந்தவர் அவரே. கற்க வேண்டியவன் நான்.

மறுநாள் நாலு மணிக்குச் சென்றேன். எனக்கும் சேர்த்து இடம் பிடித்திருந்தார்.