கரும்புச் சக்கைத் தட்டும் சில முதலீட்டாளர்களும்

சிமென்ட் கம்பெனி ஷேரைப் பற்றி யாரும் முகம் சிவந்து பேசி நான் பார்த்ததில்லை. லாபம் குறைந்தால் விற்பார்கள், கூடினால் வைத்திருப்பார்கள், டீ வந்தால் பேச்சு மாறிவிடும். ஆனால் கரும்புச் சக்கையில் தட்டும் டப்பாவும் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் பேச்சை எடுத்தால் போதும், கரூரில் நாங்கள் கூடும் புரோக்கர் ஆபீசில் குரல்கள் உயர்ந்துவிடும். "கடன் ஏறிக்கிட்டே போகுதே" என்று ஒருவர் சொன்னால், கடனைப் பற்றிய பதில் வராது. "அப்ப பிளாஸ்டிக்கே இருந்துட்டுப் போகட்டும்ங்கறீங்களா?" என்ற கேள்விதான் வரும்.

இப்படிக் கேட்பவர் பெட்ஷீட், திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர். சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைத்து அந்த ஷேரைச் சேர்க்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கம்பெனியானாலும் ஆண்டறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குபவர். கடன் கொடுத்து வசூலித்த கை. நடுவில் ஒரு பெயின்ட் கடைக்காரர். இரண்டு பக்கமும் தலையாட்டுவார், யாருக்கும் சொல்லாமல் வாங்குவார், விற்பார்.

"2022 ஜூலை 1லேர்ந்து நாடு முழுக்கத் தடைங்க சார். பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்பூன், ஸ்ட்ரா எதுவும் கூடாது. எல்லாரும் இதுக்கு வந்துதானுங்களே ஆகணும்?" என்பார் இளைஞர்.

"நம்ம மாநிலத்துல 2019 ஜனவரி 1லயே 14 பொருளுக்குத் தடை போட்டாச்சு தம்பி. கீழ பூக்கடையில போயி கவர் இல்லாம ஒரு முழம் பூ வாங்கிட்டு வாங்க. அப்பறம் பேசலாம்."

இருவர் சொல்வதும் உண்மை. சட்டம் ஒரு சந்தையைத் திறந்துவிட்டதும் உண்மை, அந்தச் சந்தைக்குள் கூட்டம் வரவில்லை என்பதும் உண்மை. இதைக் கணக்காகப் பேசினால் அரை மணியில் முடியும். முடியாமல் போவதற்குக் காரணம், இந்த வகை ஷேரில் வாங்குபவருக்கு இரண்டு சரக்கு சேர்ந்து கிடைக்கிறது. ஒன்று, நாளைக்கு வரப்போகும் பணம். மற்றொன்று, நாம் நல்லவர்கள் என்ற நன்னடத்தைச் சான்றிதழ். விலை இறங்கினால் முதல் சரக்கு மட்டும்தான் குறைகிறது. இரண்டாவது குறைவதில்லை, சில பேருக்குக் கூடவே செய்கிறது. விலை விழ விழ மேலும் வாங்குவதை மற்ற ஷேர்களில் ஆவரேஜ் பண்ணுவது என்போம். நம் இளைஞருக்கு அது தொண்டு. விற்பதென்றால் ஆற்றையும் மாட்டையும் அம்போவென்று விட்டுவிட்டு ஓடுவது மாதிரி அவருக்குத் தோன்றுகிறது. நஷ்டத்தைப் புக் பண்ணுவதே கஷ்டம். அதோடு மனசாட்சியையும் கட்டிவிட்டால் யார் கை விற்பதற்கு எழும்?

இது நம் ஊர்க் குணம் மட்டுமல்ல. அமெரிக்காவில் எர்த்ஷெல் என்று ஒரு கம்பெனி இருந்தது. அதன் பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெக்டொனால்ட்ஸ் தன் பர்கரைத் தெர்மோகோல் மாதிரியான நுரை பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து விற்றுவந்தது. பள்ளிப் பிள்ளைகள் வரைக்கும் எதிர்ப்புக் கிளம்பி, 1990ல் அந்த டப்பாவைக் கைவிட்டுக் காகித உறைக்கு மாறியது. அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் எர்த்ஷெல் வந்தது. சுண்ணாம்புக்கல் பொடி, உருளைக்கிழங்கு மாவுச்சத்து, கொஞ்சம் நார், தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கரைத்து, பணியாரக் குழியில் மாவு ஊற்றுவது போலச் சூடான அச்சில் ஊற்றிச் சுட்டெடுத்தால் டப்பா. மண்ணில் போட்டால் கரைந்துவிடும். கேட்கவே காதுக்கு இனிமையாக இருக்கிறது, இல்லையா? 1998 மார்ச்சில் ஷேர் ஒன்று 21 டாலர் என்று வெளியிட்டு, 20 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள்.

அப்போது விற்பனை என்று சொல்லிக்கொள்ள அந்தக் கம்பெனியிடம் ஒன்றும் இல்லை. தானே டப்பா செய்து விற்பதாகவும் திட்டம் இல்லை. செய்முறையைப் பெரிய பேக்கேஜிங் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்து ராயல்டி வாங்குவதுதான் யோசனை. ஒப்பந்த அறிவிப்புகள் வந்தன. சில மெக்டொனால்ட்ஸ் கடைகளில் அந்த டப்பாவில் பர்கரும் வந்தது. ஆனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் கொத்துக் கொத்தாக விழும் நுரை பிளாஸ்டிக்கின் வேகத்துக்கும் விலைக்கும் ஈடாக, உடையாத, ஊறாத டப்பாவைச் செய்து தர முடியவில்லை. 2007 ஜனவரியில் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது. ஒருமுறை கூட லாபம் பார்க்கவில்லை.

இதில் மோசடி என்று நான் எதையும் சொல்ல வரவில்லை. நோக்கம் நல்லது, பொருளும் நிஜமாகவே மண்ணில் கரைந்தது. கரையாமல் நின்றது விலைதான். உலகத்துக்குத் தேவையான பொருள் என்பதற்கும் அதை விற்றுப் பிழைக்க முடியும் என்பதற்கும் நடுவில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது; அதன் சத்தம் நம்பிக்கை உள்ளவர்கள் காதில் விழுவதில்லை. தாவர எண்ணெயிலிருந்து மக்கும் பிளாஸ்டிக் செய்த டானிமர் சயின்டிஃபிக் கதையும் கிட்டத்தட்ட இதுவே. 2020 டிசம்பரில் சந்தைக்கு வந்தது, இரண்டே மாதத்தில் 60 டாலரைத் தாண்டியது, 2025 மார்ச்சில் திவாலானது.

இந்த இரண்டு கதையையும் நான் சொன்னபோது இளைஞர் சொன்ன பதிலை லேசாகத் தள்ள முடியாது: "யாராவது பணம் போட்டாத்தானுங்களே அடுத்தவன் முயற்சி பண்ணுவான்?"

போடலாம். ஆனால் நாம் போடும் பணம் எங்கே போகிறது? புரோக்கர் ஆபீசில் உட்கார்ந்து 100 ஷேர் வாங்கினால், அதில் ஒரு ரூபாய்கூடக் கம்பெனிக்குப் போகாது. சேலத்திலோ சூரத்திலோ அதே ஷேரை விற்றுவிட்டுக் கிளம்புபவர் கணக்குக்குப் போகும். கம்பெனி புதிதாக ஷேர் வெளியிடும்போது வாங்கினால்தான் பணம் இயந்திரமாகிறது. விலை உயர்ந்து நின்றால் அடுத்த முறை பணம் திரட்ட அதற்கு வசதி என்று வாதிக்கலாம். அந்த அளவுக்கு உதவி உண்டு. மற்றபடி, காட்டைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு நாம் செய்வது, நமக்கு முன்னால் வந்தவரை லாபத்தோடு வழியனுப்பி வைப்பது. இதைச் சொன்னதும் பெயின்ட் கடைக்காரர் லேசாகச் சிரித்தார். அந்த மாதம் விற்றவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், சக்கையை நம்பி நடக்கும் பெரிய ஆலை ஒன்று எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979ல் தொடங்கி 1984ல் காகிதபுரத்தில் உற்பத்தியை ஆரம்பித்தது. 2016லிருந்து மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் பேக்கேஜிங் அட்டையும் செய்கிறது. அரசாங்கத்துக்குச் சுமார் 35 சதவீதப் பங்கு. மீதி மக்களிடமும் நிறுவனங்களிடமும். அந்த ஷேருக்காக யாரும் இங்கே சண்டை போட்டுக்கொள்வதில்லை. சாதாரண ஆலை ஷேராகத்தான் பார்க்கிறோம், அதனாலேயே அதை ஒழுங்காகப் பார்க்கிறோம்.

அப்படிப் பார்க்கும்போது தெரியும் சங்கதி ஒன்று உண்டு. சர்க்கரை ஆலைக்குச் சக்கை குப்பை அல்ல, பாய்லருக்கு எரிபொருள். அதைக் காகிதத்துக்கு எடுக்க வேண்டுமென்றால், பதிலுக்கு நிலக்கரியோ நீராவியோ கொடுத்தாக வேண்டும். காகித ஆலை அப்படித்தான் ஏற்பாடு செய்துகொண்டது. சக்கையை எரித்து மின்சாரம் எடுத்து விற்கலாம் என்றான பிறகு சக்கைக்கு மவுசு கூடிவிட்டது. மழை பொய்த்தால் கரும்பு இல்லை, கரும்பு இல்லாவிட்டால் சக்கை இல்லை. 2016-17 வறட்சியை ஒட்டித் தமிழ்நாட்டில் கரும்பு அரவை எப்படிச் சரிந்தது என்று விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். தட்டுக் கம்பெனி ஷேர் வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக் தடைச் செய்தியைத் தேடித் தேடிப் படிக்கிறார்கள். அந்தக் கம்பெனிக்குச் சக்கை வரும் வட்டாரத்தில் மழை எப்படி, அரவை எப்படி என்று கேட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆலையை விட்டுத் தெருவுக்கு வருவோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் அக்கா மாலையில் பரோட்டாக் கடை போடுகிறார். தடைக்குப் பயந்து சக்கை டப்பா வாங்கி வைத்திருக்கிறார். அவர் கை வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு டப்பாவை மூடுகிறார். சரி. சால்னாவை? பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, வாயைத் திருகி, நூலைச் சுழற்றி ஓர் இழு இழுத்து முடிச்சுப் போட்டு, அந்தப் பொட்டலத்தை டப்பாவுக்கு மேலே வைத்துக் கொடுக்கிறார். "ஏங்க்கா, டப்பாவுலயே ஊத்தக் கூடாதா?" என்றேன். "வீடு போயிச் சேர்றதுக்குள்ள அடி ஊறிப்போகுதுங்க. மூடி வேற சரியா உக்கார மாட்டேங்குது. காசு மட்டும் ஒண்ணுக்கு மூணா ஆகுது" என்றார். எந்த ஆண்டறிக்கையிலும் இவ்வளவு சுருக்கமாக விஷயம் இருக்காது.

அடி ஊறுவது சின்னக் குறை அல்ல. சக்கைக் கூழை அச்சில் அழுத்திச் சூடேற்றிச் செய்யும் தட்டு இயல்பாகவே எண்ணெயையும் நீரையும் உறிஞ்சும். உறிஞ்சாமல் இருக்க உலகமெங்கும் பல உற்பத்தியாளர்கள் பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃபுளோரின் ரசாயனங்களைக் கூழில் சேர்த்துவந்தார்கள். அவை மண்ணில் அழியவே அழியாது என்று பெயர் வாங்கியவை. மக்கும் தட்டுக்குள் மக்காத ரசாயனம்! கலிபோர்னியாவில் 2023 ஜனவரி 1 முதல், இவற்றைச் சேர்த்த காகித, நார் உணவுப் பொதிகளுக்குத் தடை. மாற்று வழிகள் வந்திருக்கின்றன, அவற்றுக்கு விலை கூடுதல். ஆகவே ஒரு தட்டுக் கம்பெனியைப் பார்த்து உருப்படியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எண்ணெய் இறங்காமல் இருக்க நீங்கள் என்ன சேர்க்கிறீர்கள்? இதற்கான பதிலில் சுற்றுச்சூழலும் இருக்கிறது, லாப நஷ்டமும் இருக்கிறது.

மேனேஜர் சார் பக்கம் நான் முழுக்கச் சாய்ந்துவிடாமல் இருப்பதற்கு இந்தக் கேள்விதான் காரணம். எதை நம்புகிறோமோ அதில் பணம் போடாதே என்பது அவர் கட்சி. நம்பிக்கை கண்ணை மறைக்கும் என்கிறார். மறைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நம்பிக்கை உள்ளவன்தான் கேள்வி கேட்கிற சிரமத்தை எடுத்துக்கொள்கிறான். லாபத்துக்கு மட்டும் வாங்கியவன் சந்தேகம் வந்ததும் விற்றுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ஷேர் என்பது விலை ஏறும் இறங்கும் காகிதம் மட்டுமல்ல. ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசலாம். 2020க்குப் பிறகு பல கம்பெனிகள் கூட்டத்தை வீடியோவில் நடத்துகின்றன. முன்கூட்டியே பெயர் கொடுத்தால் வீட்டிலிருந்தபடியே கேட்கலாம். அக்காவின் கடையில் நின்று முகம் சுளிக்கும் வாடிக்கையாளருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

இளைஞர் பெயர் கொடுத்தார். அவர் முறை வந்தபோது, நிர்வாகத்தைப் பாராட்டும் பேச்சுக்கு நடுவே, ரசாயனக் கேள்வியைக் கேட்டார். எழுத்தில் பதில் அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவும் செய்தார்கள். நடைமுறையில் உள்ள விதிகளுக்கு உட்பட்டே தயாரிக்கிறோம் என்று ஒரே வரி.

அந்த ஒரு வரியை வைத்து ஆபீசில் ஒரு காலைப் பொழுது போனது. இது பதிலே அல்ல, விற்றுவிடுங்கள் என்றார் பெயின்ட் கடைக்காரர். மறுபடி எழுதுவேன் என்றார் இளைஞர். எழுதிக் கொண்டுவந்த வரைவை மேனேஜர் சார் வாங்கிப் படித்து, பேனாவை எடுத்தார். "எந்த விதின்னு கேளுங்க. ஆய்வுக்கூட அறிக்கை நகல் வேணும்னு கேளுங்க. ரெண்டாவது பாராவுல இந்தப் பூமித்தாய் விஷயம் வேண்டாம் தம்பி, எடுத்துருங்க" என்று அடித்துத் திருத்திக் கொடுத்தார். போன வாரம் அவரும் அந்தக் கம்பெனியில் ஒரே ஒரு ஷேர் வாங்கியிருக்கிறார். அடுத்த பொதுக்கூட்டத்தில் கடனைப் பற்றிக் கேட்க வேண்டுமாம்.