கோபுரத்தடி மனிதர்கள்

இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்து விற்பது ஒரு காலத்தில் நல்ல தொழில். ஃபிரான்சிஸ் ஃபிரித் என்பவர் 1860ஐ ஒட்டி ரைகேட் என்ற ஊரில் தொடங்கிய கம்பெனி, சின்னஞ்சிறு ஊர்களைக்கூட விடாமல் படம்பிடித்து அஞ்சலட்டையாக விற்றது. ஊர்ப்பெயரைச் சொன்னால் அந்தப் படங்கள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றில் நடுநாயகமாக நிற்பது ஒரு கோபுரம்: மாதாகோயில் கோபுரம், இல்லையென்றால் மணிக்கூண்டு. ஊர்க்காரர்கள் படத்தில் முதலில் தேடுவதும் அதைத்தான். அது கண்ணில் பட்டுவிட்டால் இது கடைத்தெரு, இது ஆற்றுக்குப் போகும் வழி என்று மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். சர்ரே மாவட்டத்தின் ஃபிரிம்லியும் அப்படிப்பட்ட ஊர்தான். அங்கே புனித பீட்டர் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஓய்வுபெற்ற ராணுவப் பொறியாளர் புதைக்கப்பட்டிருக்கிறார். 1911 மார்ச் 9 அன்று பக்கத்து ஊரான கேம்பர்லியில் இறந்தவர். அந்த ஊரைப் பொறுத்தவரை, இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய எத்தனையோ அதிகாரிகளில் அவரும் ஒருவர். ஐயாயிரம் மைலுக்கு இப்பால், தேனி வட்டாரத்தில், கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் அவருடைய மீசை வைத்த முகம் வீட்டுச் சுவரிலும் கடையிலும் மாலையோடு தொங்குகிறது. பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக் அவர். அவருக்கு கேம்பர்லியில் 2022இல் சிலை வைத்ததும் தமிழ்நாடு அரசுதான். ஒரு ஆங்கிலேய ஊருக்கு அதன் குடிமகன் ஒருவரை நினைவூட்ட இங்கிருந்து ஆள் போக வேண்டியிருந்தது.

ஓர் ஊர் எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, எதைக் கைவிடுகிறது என்று இதை முன்வைத்துக் கேட்கலாம். உயர்ந்து நிற்பதைப் படம் பிடிக்கிறோம். படத்தில் இருப்பதை நினைவில் வைக்கிறோம். நினைவில் இருப்பவருக்கே நன்றி சொல்கிறோம். இந்த மூன்று படிகளிலும் கோபுரத்தின் அடியில் நின்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோகிறார்கள். காலம் செய்யும் வேலை, யார் என்ன செய்ய முடியும் என்று இதை நாம் எடுத்துக்கொள்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. தொடக்கத்தில் அது புகைப்படக் கருவியின் குறை. பின்னர் அது நம்முடைய பழக்கமாகிவிட்டது.

கருவியின் குறை என்பதற்கு மதுரையே சாட்சி. சென்னை ராணுவத்தின் கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரைக் கோயிலையும் நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் படமெடுத்தார். தமிழ்நாட்டுக் கோபுரங்களை முதன்முதலில் படம்பிடித்தவர்களில் அவர் ஒருவர். மெழுகு தடவிய காகிதத்தில் எதிர்ப்படம் எடுக்கும் முறை அது. ஒளி பதிய நிமிடக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரமும் அசையாமல் இருப்பதுதான் பதியும். கல் பதிந்தது, தூண் பதிந்தது, குளத்துப் படி பதிந்தது. நடந்துபோனவர், கூடை சுமந்தவர், கோயில் வாசலில் பூ விற்றவர் யாரும் பதியவில்லை. அதனால் அந்தப் படங்களில் மதுரை, ஆளே இல்லாமல் காலி செய்யப்பட்ட ஊர் போலத் தெரியும். எக்காலத்திலும் கூட்டம் வற்றாத ஊரை இப்படிப் பார்க்கும்போது, பழங்காலம் என்றாலே அமைதியும் பிரமாண்டமும்தான் என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் தங்கிவிடுகிறது. அந்த அமைதி ரசாயனத்தால் வந்தது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

முப்பது ஆண்டுகளில் அந்தச் சாக்குப் போய்விட்டது. பெரியாறு அணையின் வேலை 1887இல் தொடங்கியபோது உலர்தகடுகள் வந்துவிட்டன. நொடியின் ஒரு பங்கிலேயே படம் எடுக்க முடிந்தது. அதனால் அணை கட்டும் காலத்துப் படங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். கட்டுமானத்தின் மேல் சிறுசிறு உருவங்களாக நிற்கிறார்கள். அணை எவ்வளவு பெரியது என்று காட்டும் அளவுகோல் அவர்கள். அதற்கு மேல் அந்தப் படம் அவர்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை. கீழே எழுதும் குறிப்பு கட்டுமானத்துக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. ஆக, கருவி திருந்திய பிறகும் பார்வை பழையபடியே இருந்தது.

அந்தச் சிறு உருவங்கள் செய்த வேலை என்ன? மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றை மறித்து, மலையை ஒரு மைலுக்கு மேல் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள். சுண்ணாம்புக்கல் கீழே குருவனூத்தில் வெட்டியது. அதை மாட்டுவண்டியிலும் கம்பிவட ஊர்தியிலும் படகிலுமாக மேலே கொண்டுபோனார்கள். செங்கல்லைப் பொடித்து சுர்க்கியாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்தார்கள். மழைக்காலத்து வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போகும், மறுபடி கட்டுவார்கள். கோடையில் மலைக்காய்ச்சல் வந்தால் வேலையே நின்றுவிடும். கட்டுமானத்தில் இருந்த பொறியாளர் மெக்கன்சி 1899இல் வெளியிட்ட வரலாற்று நூலில் காய்ச்சலும் ஆள் தட்டுப்பாடும் வெள்ளமும் திரும்பத் திரும்ப வருகின்றன. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு வந்து திறந்துவைத்தார். இன்று கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறதென்றால் அந்தத் தண்ணீரால்தான். செத்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் படத்துக்காவது நம் வட்டாரத்தில் மாலை விழுகிறதா?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பென்னிகுவிக்கின் மீதான நன்றியை எந்த வெள்ளைக்காரனும் இங்கே திணிக்கவில்லை. விவசாயிகள் தாங்களாக வளர்த்துக்கொண்டது அது. பாலார்பட்டியில் அவர் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தவர்கள் உண்டு. லோயர்கேம்ப்பில் அரசு மணிமண்டபம் திறந்தது 2013இல்தான். தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர் வந்ததும் வெகுகாலம் கழித்துத்தான். மக்கள் முந்திக்கொண்டார்கள், அரசு பின்னால் வந்தது. இவ்வளவு இயல்பாக முளைத்த நன்றியை, ‘கூலிக்காரரை மறந்துவிட்டீர்களே’ என்று குத்திக்காட்டுவது நியாயமா என்று கேட்டால், குத்திக்காட்டுவது நியாயமில்லைதான். வெள்ளம் அடித்துக்கொண்டுபோன இடத்தில் மறுபடி நின்று கட்டிமுடித்த ஒரு பொறியாளருக்கு மாலை போடுவதில் எந்தத் தவறும் இல்லை. தொழிலாளியைச் சேர்ப்பதால் அவருக்கு எதுவும் குறையப்போவதும் இல்லை.

ஆனால் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நன்றி என்ன செய்யும் என்பதையும் கவனிக்க வேண்டும். அரசு பணம் தராமல் கைவிட்டது, பென்னிகுவிக் இங்கிலாந்தில் சொத்தை விற்றுக் கட்டினார் என்று இங்கே குழந்தைகூடச் சொல்லும். அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஆவணங்களைப் புரட்டியவர்கள் சொல்லிவருகிறார்கள். அணை அரசுச் செலவில் கட்டப்பட்டது. கதையைப் பொய் என்று தூக்கிப்போடுவதைவிட, அது ஏன் தேவைப்பட்டது என்று யோசிப்பது பயனுள்ளது. நினைவில் ஒரே ஒரு ஆள் மட்டும் மிஞ்சினால், நடந்த தியாகம் எல்லாவற்றையும் அவர் தலையில்தான் ஏற்ற முடியும். இழப்பு இருந்தது என்பது ஊருக்கு நன்றாகத் தெரியும். பாட்டன் பூட்டன் வழியாக வந்த அறிவு அது. காய்ச்சலில் போனவர் பெயர் தெரியாததால், அந்த இழப்பு பெயர் தெரிந்தவர் வீட்டுச் சொத்தாக மாறிவிட்டது. அப்படிப் பார்த்தால் அந்தக் கதைக்குள் கூலிக்காரர்களும் இருக்கிறார்கள், வேறொருவர் முகத்தோடு.

இன்னொரு மறுப்பு: பெயர்களைக் கண்டுபிடிக்கவே முடியாது, பிறகு எதற்கு இந்தப் பேச்சு? பாதி உண்மைதான். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் தினக்கூலிக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் பெயர் இனி வராது. கோபுரத்துக்கு இந்த நிலை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெனிசில் புனித மாற்கு மணிக்கோபுரம் 1902இல் சரிந்தது. 1912இல் அதே இடத்தில் அதே வடிவில் எழுந்து நின்றது. காளத்தியில் கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்தது. 2017இல் புதிய கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. கல்லுக்கு அளவு உண்டு, வரைபடம் உண்டு, படம் உண்டு, பணம் கொடுக்க ஆள் உண்டு. இடிந்தாலும் அது முழுதாக அழிவதில்லை. அதன் நிழலில் சுக்குக்காப்பி விற்ற கிழவியின் பெயர் ஒருமுறை போனால் போனதுதான். எது தொலையக்கூடியதோ அதைத்தானே முதலில் எழுதிவைக்க வேண்டும்? நாம் செய்வது தலைகீழ். எந்தப் பழைய படம் கிடைத்தாலும் கோபுரத்தின் பெயரைத் தலைப்பாக எழுதி முடித்துவிடுகிறோம். அது படத்தைப் பார்த்தாலே தெரிகிற செய்தி.

நம் வட்டாரத்தின் மேற்கு மலையில் இதற்கு இன்னொரு சான்று உண்டு. மூணாறுத் தேயிலை முதலில் ஒற்றைத் தண்டவாளத்திலும் 1908 முதல் சிறிய ரயிலிலும் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கோட்டகுடிப் பக்கம் இறங்கி, போடிக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையைத் துடைத்தெடுத்தது. எஞ்சின் நிற்கும் படத்தையும் வெள்ளம் போன பிறகான படத்தையும் இணையத்தில் பார்க்காத மூணாறுப் பயணி குறைவு. கம்பிவடம் வருவதற்கு முன்னும் பின்னும் அந்தக் குரங்கணிப் பாதையில் தலைச்சுமையாக அரிசியும் சாமானும் ஏற்றியவர்களும், குடும்பத்தோடு தோட்டத்துக்கு நடந்து ஏறியவர்களும் அந்தப் படங்களில் இல்லை. எஞ்சின் பதினாறு ஆண்டுதான் ஓடியது. நடந்தவர்கள் தலைமுறைகளாக நடந்தார்கள். மூணாறின் பழைய கதை என்று கேட்டால் எஞ்சினைத்தான் காட்டுகிறார்கள்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, இந்தக் குறை இனி இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. எண்ணிக்கை கூடியது மெய். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவின் ஒரு நாளில் எடுக்கும் படங்கள், டிரைப் தன் ஆயுளில் எடுத்தவற்றை விட நிச்சயம் அதிகம். ஆனால் பெயர் இல்லாத படம் ஒன்றாக இருந்தாலும் லட்சமாக இருந்தாலும், ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு அது கூட்டம்தான். போன் தேதியைப் பதிகிறது, இடத்தைக்கூடப் பதிகிறது. தேர்வடம் பிடித்தவர் யார் மகன் என்பதைப் பதிவதில்லை. அதை இன்னொரு மனிதரிடம் கேட்டு வாங்கத்தான் வேண்டும். பழைய ஸ்டுடியோ அட்டைப் படத்தின் பின்பக்கம் பென்சிலில் பெயர் எழுதும் வழக்கம் இந்த ஒரு வகையில் நம் காலத்தைவிட மேலானது.

பெயர் எழுதுவதால் யாருக்கு என்ன பயன் என்று கடைசியாகக் கேட்கலாம். தண்ணீர் அதிகமாக வராது, நெல் விலை ஏறாது. என் வாழ்க்கை யார் யாருடைய உழைப்பின் மேல் நிற்கிறது என்று ஒருவர் மனதுக்குள் வைத்திருக்கும் கணக்கு மட்டும் மாறும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு பெரியவர் பெயர் இருந்தால், இன்னொரு பெரியவர் வருவார் என்று காத்திருக்கத் தோன்றும். பக்கத்துத் தெருக்காரரின் பூட்டனும் அதில் இருந்தால், மடை பராமரிப்புக்குக் கூப்பிடும்போது வரத் தோன்றலாம். தோன்றும் என்று உறுதி கூற முடியாது.

இதைச் சோதித்துப் பார்க்க நூறு ஆண்டு பின்னால் போக வேண்டியதில்லை. 1928இல் வந்த மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகித் தேனிக்கு 2022இலும் போடிக்கு 2023 ஜூனிலும் ரயில் திரும்பி வந்தது. கடைசி மீட்டர்கேஜ் ரயிலுக்கும் முதல் அகலப்பாதை ரயிலுக்கும் எடுத்த படங்கள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. எல்லாவற்றிலும் எஞ்சினும் மாலையும் தெளிவாகத் தெரியும். பழைய பாதையில் சாவியும் சுத்தியலுமாக நடந்த கேங்மேன்களில் பலர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இதே ஊர்களில் இருக்கிறார்கள். புதிய தண்டவாளம் போட்டவர்கள் இப்போது வேறெங்கோ வேறொரு பாதையில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். இவர்கள் விஷயத்தில் ‘ஆவணம் இல்லை’ என்று சொல்ல இன்னும் முப்பது, நாற்பது ஆண்டு ஆகும்.