வெறும் பாத்திரம்

ஹவாயின் ஹொனலூலுவில் இவிலே என்ற பகுதியில் ஒரு காஸ்ட்கோ பேரங்காடி இருக்கிறது. உலகத்திலேயே அதிகம் விற்கிற கிளை அதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வண்டி நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றியதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சித்தி மகள் அங்கே பத்து வருடமாகக் குடியிருக்கிறாள். "கடற்கரை எங்கயும் போயிடாது அண்ணா. இந்த ஊரு எதை வெச்சு ஓடுதுன்னு பாக்கணும்னா முதல்ல இங்க வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு வேறொரு வேலையும் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் முந்தின வாரம் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய பட்டர் மோச்சி கொடுத்திருந்தார். பசையரிசி மாவு, தேங்காய்ப்பால், வெண்ணெய் எல்லாம் சேர்த்துச் சுடுகிற பலகாரம். இரண்டே நாளில் தின்று தீர்த்தாயிற்று. பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். அதில் என்ன வைப்பது என்பதுதான் யோசனை.

வாசலில் உறுப்பினர் அட்டையைக் காட்டினால்தான் விடுகிறார்கள். உள்ளே கடை என்று எதுவும் இல்லை, கிடங்குதான். கூரைவரை இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் பலகையோடு இறக்கி வைத்த சரக்கு. இந்த வியாபார முறையை 1976-ல் சான் டியேகோவில் சால் பிரைஸ் தொடங்கியபோது முதல் கடையே ஒரு பழைய விமானக் கொட்டகைதான். அந்தக் கொட்டகை வாசனை இன்னும் போகவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பண்டங்கள் வேறு எந்த அமெரிக்க ஊரிலும் இப்படிச் சேர்ந்து கிடைக்காது. மீன் பகுதியில் போக்கே: பச்சைச் சூரை மீனைத் துண்டு போட்டு, சோயாச் சாறும் நல்லெண்ணெயும் வெங்காயமும் கடற்பாசியும் பிசறி வைத்திருக்கிறார்கள். சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துக் கூழாக்கிய போய் பையில் கிடைக்கிறது. (பெயரைக் கேட்டதும் எனக்கு "எங்கே போய்?" என்று கேட்கத்தான் வாய் வந்தது.) பன்றி இறைச்சியைச் சேம்பிலையில் பொதிந்து அவித்த லாவ்லாவ், போர்ச்சுக்கீசியத் தொத்திறைச்சி, மெக்கடேமியா கொட்டை, கோனா காபி. ஸ்பாம் டப்பாக்களோ சுவராகவே நின்றன.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைக் கையில் எடுத்தாலும் எந்த ஊர்ச் சரக்கு என்று திருப்பிப் பார்ப்பேன். அன்று அந்தப் பழக்கம் என்னைச் சங்கடத்தில் மாட்டிவிட்டது. ஸ்பாம் 1937-ல் மினசோட்டாவில் பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்களோடு தீவுக்கு வந்து, அவர்கள் போன பிறகும் போகவில்லை. சோற்றுக் கட்டியின்மேல் ஒரு வில்லையை வைத்துக் கடற்பாசித் தாளால் கட்டினால் அது ஸ்பாம் முசுபி, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுச்சோறு. அந்தச் சோற்றுக்கு அரிசி கலிஃபோர்னியாவிலிருந்து. தொத்திறைச்சி 1878-க்குப் பிறகு மதீராவிலிருந்து வந்த கரும்புத் தோட்டக் கூலிகளோடு வந்தது. மெக்கடேமியா ஆஸ்திரேலியாவின் மரம். ஹவாய் என்றதும் நம் மனத்தில் எழும் அன்னாசிகூடத் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. ஹீலோ ஊரில் 1950-ல் ஒரு ஜப்பானிய வம்சாவளிக்காரர் தொடங்கிய இனிப்பு ரொட்டியின் பெயரிலேயே ஹவாய் இருக்கிறது. அதைச் சுடுவது இப்போது அமெரிக்கப் பெருநிலத்தில். கோனா கலவை என்று எழுதிய காபியில் பத்தில் ஒரு பங்கு கோனாக் கொட்டை இருந்தால் போதும் என்பது 1991-ல் வந்த சட்டம். 2027-ல்தான் அது பாதிக்கு மேல் ஆகிறது. கடைசியில் லோமி சால்மன். ஹவாய் விருந்து எதிலும் தவறாத தொட்டுகை. சால்மன் அந்தத் தண்ணீரில் வாழ்கிற மீனே கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடமேற்கு அமெரிக்கக் கரையிலிருந்து உப்புக்கண்டமாகப் பீப்பாயில் வந்து, தக்காளி வெங்காயத்தோடு சேர்ந்து பிசையப்பட்டு, பாரம்பரியம் ஆகிவிட்டது.

"அப்ப இந்த ஊர்ச் சாமானுன்னு இங்க எதுதாம்மா இருக்கு?"

"சட்னிக்கு மிளகாய் எங்கிருந்து வந்துச்சுன்னு நம்ம வீட்டுல யாராவது கேட்டோமா?" என்றாள். அதற்குமேல் நான் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை.

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் கப்பலேறி வந்து நம்முடையதானவைதாம். ஹவாயில் அந்த விஷயம் இன்னும் பழையது. ஆயிரம் ஆண்டுகள் போல இருக்கும், தெற்கே பாலினேசியத் தீவுகளிலிருந்து இரட்டை ஓடங்களில் வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். பன்றி, நாய், கோழியோடு இருபதுக்கு மேற்பட்ட செடிவகைகளையும் கொண்டுவந்தார்கள். ஓடச் செடிகள் என்றே அவற்றுக்குப் பெயர். அந்தப் பட்டியலை ஒரு தமிழன் வாசித்தால் தன் வீட்டுக் கொல்லையில் நிற்பதுபோல இருக்கும்: சேம்பு, வாழை, தென்னை, கரும்பு, மஞ்சள், ஈரப்பலா, பெருவள்ளிக் கிழங்கு, நுணா, புன்னை. திரும்பிப் போகலாம் என்ற உறுதி இல்லாமல் கிளம்புகிறவன் ஓடத்தில் எதை ஏற்றுவான் என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. தின்பதற்கு மட்டும் ஏற்றியிருந்தால் கரை சேருமுன் தீர்ந்திருக்கும். அவர்கள் கட்டையும் கிழங்கும் பதியனும் நனையாமல் பொத்திக் கொண்டுவந்தார்கள்.

அவற்றில் சேம்புதான் மூத்தது. அவர்கள் மொழியில் கலோ. ஹவாய்த் தொன்மத்தில் கலோ மனிதனுக்கு அண்ணன்: உயிரில்லாமல் பிறந்த முதல் பிள்ளையைப் புதைத்த இடத்தில் முளைத்த செடி அது, அடுத்துப் பிறந்த பிள்ளையிலிருந்து மனிதர்கள். போய்க் கிண்ணம் திறந்திருக்கும்போது சண்டை போடக் கூடாது என்பது பழைய வீடுகளின் கட்டுப்பாடு. அண்ணன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே. கிழங்கை வெட்டி எடுத்துக்கொண்டு, தண்டோடு கூடிய தலைப்பகுதியை மறுபடி சேற்றில் ஊன்றிவிடுவார்கள். பக்கத்தில் வெடிக்கும் கன்றுக்குப் பெயர் ஓஹா. குடும்பத்தைக் குறிக்கும் ஓஹானா என்ற சொல் அதிலிருந்துதான் பிறந்தது. வாழையடி வாழையாக என்று வாழ்த்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காஸ்ட்கோ நிற்கிற இவிலேயின் கதை இதற்கு நேர் எதிர். ஜேம்ஸ் டோல் 1901-ல் அன்னாசிக் கம்பெனி தொடங்கி, சில ஆண்டுகளில் இங்கே டப்பா அடைக்கும் ஆலை கட்டினார். 1922-ல் லனாய் தீவையே ஏறக்குறைய முழுதாக விலைக்கு வாங்கி அன்னாசிக் காடாக்கினார். ஆலையின் உச்சியில் அன்னாசி வடிவத்தில் ஒரு ராட்சதத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஊருக்குள் எங்கிருந்து பார்த்தாலும் தெரியுமாம். கப்பல்கள் நிறைந்து நிறைந்து போயின, சர்க்கரையும் அன்னாசியுமாக. மலையிலிருந்து கடல்வரை ஓடைத் தண்ணீரில் கலோ விளைந்த நிலத்துக்கு வர வேண்டிய நீரைக் கரும்புத் தோட்டங்கள் வாய்க்கால் வெட்டித் திருப்பிக்கொண்டன. பிறகு வெளியூரில் கூலி மலிவு என்று தெரிந்ததும் அன்னாசி வியாபாரம் சுருங்கியது. ஆலை மூடியது, தொட்டியை இறக்கிவிட்டார்கள். கடைசிக் கரும்புத் தோட்டம் மவுயி தீவில் 2016-ல் முடிந்தது. இப்போது தீவில் உண்ணப்படுவதில் நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு பங்கு வெளியிலிருந்து வருகிறது. பெரும்பகுதி 3,800 கிலோமீட்டருக்கு அப்பால் அமெரிக்க மேற்குக் கரையில் கப்பலேறுகிறது. ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு போனால் அது அமெரிக்காவில் கட்டிய, அமெரிக்கர் ஓட்டும் கப்பலாகவே இருக்க வேண்டும் என்று 1920-ல் போட்ட ஜோன்ஸ் சட்டம் வேறு. அந்தக் கப்பல் கூலியும் ஒவ்வொரு பால் குப்பியின் விலையில் ஏறுகிறது.

1949-ல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது. அந்த நினைவு போகவில்லை போலும். புயல் என்று ஒரு வதந்தி கிளம்பினாலே இங்கே முதலில் தீர்வது அரிசியும் கழிப்பறைத் தாளும்தான் என்று தங்கை சிரித்தாள். அவள் தள்ளுவண்டியிலும் இரண்டும் இருந்தன. அன்று வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

வெளியே ஒன்றரை டாலர் ஹாட்டாக் விற்கிறார்கள். 1980-களின் நடுவிலிருந்து அதே விலை. பணவீக்கம் எட்டிப் பார்க்காத ஒரே இடம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு கிழவர் இரண்டு பெரிய ஐஸ் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, வாங்கிய கோழியையும் வெண்ணெயையும் சதுரங்கம் ஆடுகிற நிதானத்தோடு அடுக்கிக்கொண்டிருந்தார். மோலக்காய் தீவுக்காரர். அங்கே காஸ்ட்கோ இல்லை, போக்குவரத்து விளக்குகூட ஒன்று இல்லை. சின்ன விமானத்தில் காலையில் வந்து, வாங்கிக்கொண்டு, சாயங்காலம் திரும்புகிறார். இவ்வளவு பெரிய பெட்டிகளை வெறுமனே தூக்கிக்கொண்டு வருவது சிரமமில்லையா என்று தங்கை கேட்டாள். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. வெறுமனே ஏன் வருகிறேன் என்றார். காலையில் வரும்போது அந்தப் பெட்டிகளில் மான்கறியும் உப்புமீனும் இருந்தன. இங்கே இருக்கிற மகளுக்கும் தம்பி வீட்டுக்கும் கொடுத்துவிட்டுத்தான் கடைக்கு வந்திருக்கிறார். மோலக்காயில் மான்கள் பெருத்துக் கிடக்கின்றன. 1860-களில் ஐந்தாம் கமேஹமேஹா அரசருக்கு ஹாங்காங்கிலிருந்து அன்பளிப்பாக வந்த மான்களின் வம்சம். நம் ஊர்ப் புள்ளிமான்தான். காட்டை மேய்ந்து மொட்டையடிக்கின்றன என்று அவருக்குக் கோபம்; கறி நன்றாக இருக்கும் என்பதில் கோபம் இல்லை.

அவர் போன பிறகு துறைமுகப் பக்கம் பார்த்தேன். அங்கே வந்து இறங்கும் கண்டெய்னர்களில் பெரும்பாலானவை காலியாகத்தான் கலிஃபோர்னியாவுக்குத் திரும்புகின்றன. அனுப்ப இந்தத் தீவிடம் சரக்கு இல்லை. ஒரு காலத்தில் நிறைந்து போனபோதும் அனுப்பியது தீவு இல்லையே. தீவிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பெட்டிகளும் ஒரு சிறு விமானமும் வைத்துக்கொண்டு அந்தக் கிழவர் செய்ததை ஒரு நூற்றாண்டுக் கப்பல் வணிகம் செய்யவில்லை. என் அம்மாவுக்கு ஹவாய் எங்கிருக்கிறது என்று தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தைக் கழுவி அப்படியே கொடுத்தனுப்ப நான் கிளம்பினால் பின்னாலேயே ஓடிவருவாள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரை போடுவாள். அதை மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். வாங்குகிற கைக்கும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொள்வது அது என்று இந்த வயதில், ஒரு கிடங்கின் வாசலில், பாதி ஹாட்டாக்கோடு உட்கார்ந்திருக்கும்போது புரிந்தது. எந்தப் பண்டம் எந்த ஊரில் பிறந்தது என்று அரைநாள் துருவியதில் இது தெரியவில்லை. ஸ்பாமை முசுபியாகக் கட்டி அடுத்த வீட்டுக்குக் கொடுத்த கை எதுவோ, அந்தக் கையில்தான் அது ஹவாய்ப் பண்டம் ஆகியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சாமான்களை இறக்கினோம். எட்டு டப்பா ஸ்பாம், ஏழு கிலோ அரிசி, ஒரு காலன் சோயாச் சாறு, மெக்கடேமியா பெட்டி. அந்தக் கண்ணாடிப் பாத்திரம் மேடையில் இருந்தது. தங்கை மெக்கடேமியா பெட்டியை எடுத்தாள், கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தாள், திரும்ப வைத்துவிட்டாள்.

மறுநாள் இவிலேயை ஒட்டிய சைனாடவுன் சந்தைக்குப் போய்க் கலோ வாங்கினோம். நம் சேப்பங்கிழங்கைவிடப் பெரியது, கெட்டியானது. வேகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அரைவேக்காடாக இறக்கினால் நாக்கும் தொண்டையும் அரித்துவிடும் என்பதில் மட்டும் இரண்டு கிழங்கும் ஒன்று. துண்டு போட்டு, மிளகாய்ப் பொடியும் மஞ்சளும் பெருங்காயமும் பிசறி மொறுமொறுப்பாக வறுத்துக் கொடுத்தனுப்பினாள். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கலோவுக்கு மிளகாயா என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பாலா காரத்தாலா என்று தெரியவில்லை. இரண்டாவது துண்டும் எடுத்தார்.

நான் ஊர் திரும்பும் நாள் காலையில் அதே பாத்திரம் மறுபடி வாசலில் இருந்தது. மேலே ஒரு வாழையிலைத் துண்டு மூடியிருந்தது.